அழுத்தப்படி மாற்றம்: ஒரு கலைச்சொல் பரிந்துரை

6 வோல்ட்டில் இயங்கிய பழைய டிராக்டரை 12 வோல்ட்டுக்கு மாற்றும் வேலைக்கு 'மின்னழுத்த உயர்வு' என்னும் சொல்லை நண்பர் முன்வைத்திருக்கிறார். பம்புசெட் மோட்டார் கருகினால் நாம் குறைசொல்வதும் அதே உயர்வைத்தான் என்பதால் எனக்குத் தயக்கமாக இருக்கிறது. 'உயரழுத்தமாக்கம்' இன்னும் பொருந்தாது. மின்வாரிய வழக்கில் வீட்டுக்கு வரும் 230 வோல்ட்டே தாழ்வழுத்தம்தான். 11,000 வோல்ட் கம்பியைத்தான் உயரழுத்தம் என்பார்கள்.

சேரன்மகாதேவியில் ஒரு பட்டறையில் இந்த வேலையை அருகிருந்து பார்த்தேன். மூன்று அறை பாட்டரி இருந்த இடத்தில் ஆறு அறை பாட்டரியை வைத்த மெக்கானிக், பாட்டரிக்கு மின்னேற்றும் டைனமோவையும், பாட்டரியின் மின்சாரம் அதற்குள் திரும்பிப் பாயாமல் தடுக்கும் கட் அவுட்டையும் கழற்றிவிட்டு, அந்த வேலையைச் செய்யும் ஆல்டர்னேட்டரைப் பொருத்தினார். பல்புகள் அனைத்தையும், பெட்ரோல் வண்டி என்பதால் இக்னிஷன் காயிலையும், 12 வோல்ட்டுக்கு உரியவையாக மாற்றினார். செல்ஃப் மோட்டாரை மட்டும் அப்படியே விட்டார். அது சில நொடிகளே சுழல்வதால் பெரும்பாலும் தாங்கிக்கொள்ளும். ஆனாலும், "ரொம்ப நேரம் அழுத்திப் பிடிச்சிராதீங்க அண்ணாச்சி" என்று உரிமையாளரிடம் இருமுறை சொன்னார். நல்ல நிலையில் இருந்த வயர்களையும் அவர் தொடவில்லை. 36 வாட் பல்பு 6 வோல்ட்டில் 6 ஆம்பியர் இழுக்கும், 12 வோல்ட்டில் 3 ஆம்பியரே இழுக்கும் என்பதால் வயரின் சுமை பாதியாகிறது.

ஆக, இங்கே மின்னழுத்தம் தானாக ஏறவில்லை. வண்டியின் மின்னமைப்பு முழுவதும் வேறொரு நிலைக்குக் குடிபெயர்கிறது. குறுக்குத்துறையில் தாமிரபரணி பெருகிப் படிகள் மூழ்குவதும், குளிக்க வந்தவர் தாமே ஒரு படி மேலேறி நிற்பதும் ஒன்றல்ல. முன்னதற்கு 'உயர்வு' இருக்கட்டும். பின்னதற்கு 'அழுத்தப்படி மாற்றம்' என்பதைப் பரிந்துரைக்கிறேன். வாகனங்களில் 6, 12, 24 என்பவை படிகளாகவே அமைந்திருப்பதாலும், மேலேறினாலும் கீழிறங்கினாலும் சொல் பொருந்துவதாலும் இதுவே எனக்கு நிறைவளிக்கிறது. 'ஏற்றம்' என்பதைத் தவிர்த்ததற்குக் காரணம், பாடநூல்களின் 'ஏற்று மின்மாற்றி'யோடு அது குழம்பிவிடும் என்பதே.

இன்னொரு சொல்லும் தேவைப்படுகிறது. 1947 முதல் 1952 வரை அமெரிக்காவில் உருவான ஃபோர்டு 8என் போன்ற டிராக்டர்களில் பாட்டரியின் நேர்முனைதான் வண்டியின் உடலோடு, அதாவது பட்டறைப் பேச்சில் 'எர்த்'தோடு, இணைந்திருக்கும். ஆல்டர்னேட்டர் வைக்கும்போது பெரும்பாலும் எதிர்முனையை உடலோடு சேர்க்க வேண்டியிருக்கிறது. மறந்தால் அதன் டையோடுகள் கணத்தில் எரிந்துபோகும். இப்படி முனையை மாற்றிச் சேர்ப்பதை 'முனைமாற்றம்' எனலாமா, 'எர்த் முனைமாற்றம்' என்று விரித்தே சொல்ல வேண்டுமா என்பதில் நான் இன்னும் முடிவுக்கு வரவில்லை. அந்த மெக்கானிக், அடுத்துக் கைவைப்பவர் ஏமாறாதிருக்க, பாட்டரிப் பெட்டியின் மேல் வெள்ளைப் பெயின்ட்டால் '12 வோல்ட், நெகட்டிவ் எர்த்' என்று எழுதிவைத்தார்.