டெஃப் லெப்பர்ட் தங்கள் பாட்டையே திரும்பப் பதிவு செய்தது சரியா?

வாக்மேன்:
2012 ஜூனில் பிரிட்டிஷ் ராக் இசைக்குழு டெஃப் லெப்பர்ட் தங்கள் பழைய ஹிட் பாட்டுகளான ‘போர் சம் ஷுகர் ஆன் மீ’, ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ இரண்டையும் முதலிலிருந்து பாடி வாசித்து வெளியிட்டதை இன்னும் என்னால் ஏற்க முடியவில்லை. மறுபதிவு செய்யக்கூடாது என்று சொல்லவில்லை. வயதுக்கு ஏற்ற குரலில், நிதானமாக, வேறு மாதிரி வாசித்திருந்தால் முதல் ஆளாகக் கேட்டிருப்பேன். இவர்கள் செய்தது என்ன? பழசுக்கும் புதுசுக்கும் வித்தியாசம் தெரியக்கூடாது என்று அச்சு அசலாக நகலெடுத்தார்கள். குழுவின் பாடகர் ஜோ எலியட்டே பேட்டியில் ‘ஃபோர்ஜரி’, அதாவது போலி, என்றுதான் சொன்னார். அதை ஏன் ரசிகனிடம் காசுக்குக் கொடுக்க வேண்டும்?

ஆறாம் தந்தி:
ஏன் அப்படிச் செய்தார்கள் என்பதை விட்டுவிட்டுப் பேசினால் இது வெறும் கோபம்தான் நண்பா. அவர்கள் இசை நிறுவனமான யுனிவர்சலோடு டிஜிட்டல் விற்பனைக்கான பங்கு பற்றி அவர்களுக்குப் பெரிய தகராறு இருந்தது. ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கின்றன: வரியும் மெட்டும் எழுதியவர்களுடையது ஒன்று, அந்த ஒலிப்பதிவு, அதாவது மாஸ்டர், இன்னொன்று. மாஸ்டர் கம்பெனி கையில். ஆனால் இவர்கள் ஒப்பந்தப்படி பழைய பதிவுகளை டிஜிட்டலில் விற்க இசைக்குழுவின் சம்மதம் வேண்டும். சம்மதத்தைக் கொடுக்காமல் நிறுத்தி வைத்தார்கள். அதனால் எல்லோரும் ஐடியூன்ஸில் பாட்டு வாங்கிய காலத்தில், அமெரிக்காவில் மட்டும் 1 கோடி 20 லட்சம் பிரதிக்குச் சான்றிதழ் வாங்கிய, ‘ஷுகர்’ பாட்டு இருக்கும் ‘ஹிஸ்டீரியா’ ஆல்பத்தையே முறையாக டவுன்லோட் செய்ய முடியவில்லை.

இதில் இன்னொன்றையும் சேர்த்துப் பாருங்கள். 2010-இல் ராப் பாடகர் எமினெமின் ஆரம்பகாலத் தயாரிப்பாளர்களான எஃப்பிடி, யுனிவர்சலுக்குக் கீழ் இருந்த ஆஃப்டர்மாத் என்ற இசை நிறுவனத்தின் மீது போட்ட வழக்கில், அவர்கள் ஒப்பந்தப்படி டவுன்லோடை ‘விற்பனை’ என்று எடுத்துக்கொள்ளாமல் ‘லைசென்ஸ்’ என்றே எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. லைசென்ஸ் என்றால் பாதிக்குப் பாதி, விற்பனை என்றால் அதைவிட எவ்வளவோ குறைவு. டெஃப் லெப்பர்ட் கேட்டது ஆசைக்கு மிஞ்சிய தொகை இல்லை. கம்பெனி இறங்கி வராதபோது சொந்தப் பாட்டைச் சொந்தக் கையால் திரும்ப வாசிப்பதைத் தவிர அவர்களுக்கு வேறு என்ன வழி?

பி-பக்கம்:
அந்த ஜூனில்தான் ‘ராக் ஆஃப் ஏஜஸ்’ என்ற பெயரிலேயே ஹாலிவுட் படமும் வந்தது. எங்கும் அந்தப் பாட்டுப் பேச்சு, வாங்கப் போனால் கடையில் பாட்டு இல்லை. அவர்கள் இடத்தில் யார் இருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்கள்.

வாக்மேன்:
உரிமை விஷயத்தில் எனக்குச் சண்டையே இல்லை. கம்பெனி செய்தது தப்பு. நான் கேட்பது பாட்டைப் பற்றி. ‘ஷுகர்’ பாட்டின் 1987 பதிவில் குழுவின் கிட்டாரிஸ்ட் ஸ்டீவ் கிளார்க் இருக்கிறார். 1991 ஜனவரியில் 30 வயதில் போய்விட்டார். 2012 பதிவில் அவர் கை இல்லை, ஆனால் அவர் வாசித்த பகுதிகள் அப்படியே இருக்கின்றன. எனக்கு அது உறுத்துகிறது. 52 வயது எலியட் இருபதுகளில் இருந்த எலியட்டைப் போல் பாட முயல்வதும் அப்படித்தான். குரல் எட்டுகிறது. ஆனால் எட்டுவதற்கு அவர் படும் பாடு காதில் விழுகிறது.

டிரம்கிட்:
இங்கேதான் நான் வேறுபடுகிறேன். அந்த 1987 பதிவு ஏதோ நாலு பேர் ஒரு அறையில் நின்று ஒரே மூச்சில் வாசித்தது போலப் பேசுகிறீர்கள். ‘ஹிஸ்டீரியா’ அப்படி உருவான ஆல்பமே இல்லை. 1984-இல் ஆரம்பித்து 1987-இல்தான் முடிந்தது. தயாரிப்பாளர் மட் லேங்கின் வேலைமுறை என்ன? பின்னணிக் குரல்களை மேலே மேலே அடுக்குவார், கிட்டாரில் பல தந்திகள் சேர்ந்து ஒலிக்கும் ஒரு கார்டையே சில இடங்களில் தந்தி தந்தியாகத் தனித்தனியே பதிவு செய்து சேர்ப்பார், டிரம் சத்தத்தைக் கம்ப்யூட்டரில் கட்டுவார். நடுவில் 1984 டிசம்பர் 31 அன்று கார் விபத்தில் டிரம்மர் ரிக் ஆலனுக்கு இடது கை போனது. அந்த மனுஷன் விடவில்லை, எலக்ட்ரானிக் டிரம்மில் இடது கை அடிக்க வேண்டியதைக் காலால் பெடலில் அடிக்கப் பழகினார். எனவே அந்தப் பாட்டு முதல் தடவையே துண்டு துண்டாகச் செய்து கோத்ததுதான். செய்தவர்களே அதை மறுபடி செய்யும்போது மட்டும் அது எப்படிப் போலி ஆகும்? லேங் ஒலிகளை உருவாக்கினார், இவர்கள் அந்த ஒலிகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்துத் திரும்ப உருவாக்கினார்கள். லேசான வேலையா அது? எனக்கு அதில் மரியாதைதான் வருகிறது.

வாக்மேன்:
நீங்கள் சொல்வதிலேயே என் பதில் இருக்கிறது. ‘ஷுகர்’ எப்படி வந்தது? ஆல்பம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. இடைவேளையில் எலியட் சும்மா அக்கூஸ்டிக் கிட்டாரைத் தட்டிக்கொண்டிருந்ததைக் கேட்டு, இதைப் பாட்டாக்கியே தீர வேண்டும் என்று லேங் நின்றார். மூன்று வருடத்தில் களைத்துப்போன ஆட்களுக்குக் கடைசியில் கிடைத்த உற்சாகம் அது. எத்தனை துண்டாகப் பதிவு செய்திருந்தாலும் அந்த உற்சாகம் அதில் இருக்கிறது. இது எப்படி முடியும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. 2012-இல் எல்லாம் தெரிந்துதான் வாசிக்கிறார்கள். ஒவ்வொரு ஒலியும் எங்கே வந்து விழ வேண்டும் என்பது வரை.

நள்ளிரவு ரேடியோ:
ட்விஸ்டட் சிஸ்டர் என்ற அமெரிக்க ராக் குழுவை யாரும் சொல்லவில்லையே. 1984 ‘ஸ்டே ஹங்ரி’ ஆல்பத்தின் ஒலி அவர்களுக்கே பிடிக்கவில்லை, 2004-இல் ‘ஸ்டில் ஹங்ரி’ என்று முழுசாக மறுபடி வாசித்தார்கள், கிட்டாரைக் கனமாக்கி. அது எனக்குப் பிடிக்கும். காரணம் இசையில் இருக்கிறது. டெஃப் லெப்பர்டுக்குக் காரணம் கணக்கில் இருக்கிறது. அது குற்றமில்லை, ஆனால் கேட்பவன் எதற்காகக் கேட்க வேண்டும் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

பி-பக்கம்:
டெய்லர் ஸ்விஃப்ட் 2021-இலிருந்து அதே கணக்குக்காகத்தானே ஆல்பம் ஆல்பமாகத் திரும்பப் பாடினார்? அவரைக் கொண்டாடுகிறோம். ஐம்பது தாண்டிய ராக்கர்கள் ஒன்பது வருடம் முன்னாலேயே செய்ததற்கு மட்டும் துரோகம் என்கிறோம். தலைப்பிலேயே 2012 என்று வருடத்தைப் போட்டுத்தான் விற்றார்கள், யாரையும் ஏமாற்றவில்லை.

வாக்மேன்:
துரோகம் என்று நான் சொல்லவே இல்லை. ஸ்விஃப்ட் ரசிகர்களுக்குப் பழைய பதிவும் கையில் இருந்தது, புதுசும் இருந்தது, தேர்ந்தெடுக்க முடிந்தது. நமக்கு டிஜிட்டலில் நகல் மட்டும்தான் இருந்தது. அப்போது முதல் தடவை இந்தப் பாட்டைக் கேட்ட பையன் ஸ்டீவ் கிளார்க்கைக் கேட்கவே இல்லை.

ஆறாம் தந்தி:
2018 ஜனவரியில் பழைய ஆல்பங்கள் மொத்தமும் ஸ்ட்ரீமிங்குக்கு வந்துவிட்டன. இனி அந்தப் பையன் கிளார்க்கைக் கேட்கலாம். கம்பெனி பேச்சுவார்த்தைக்கு வந்ததில் மறுபதிவுக்கும் பங்கு உண்டு என்றுதான் நான் நம்புகிறேன். பணிந்து போயிருந்தால் மாஸ்டர் 2012-லேயே கடைக்கு வந்திருக்கும், ஆனால் பாட்டை எழுதி வாசித்தவர்களுக்குச் சில்லறைதான் கிடைத்திருக்கும், கிளார்க் குடும்பத்துக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வாக்மேன்:
சரி, பேரத்துக்கு உதவியது என்றே வைத்துக்கொள்வோம். பேரம் முடிந்த பிறகு அந்த 2012 பதிவை நீங்களாகத் தேடிப் போய்க் கேட்டீர்களா?

ஆறாம் தந்தி:
இல்லை. ஆனாலும் அவர்கள் அதைப் பதிவு செய்தது சரிதான்.

டிரம்கிட்:
நான் கேட்கிறேன். டிரம்முக்காக.