பருப்புப் பொடிக்கு விசா வேண்டாம்

குழு: பொள்ளாச்சி வீடு
20 ஜனவரி 2019, ஞாயிறு
(நேரம் நான் இருக்கும் டப்ளின் கணக்கு, ஊரில் ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ளவும்)

பெரியப்பா, 00:58
(தொலைக்காட்சித் திரையின் படம்)
வட அயர்லாந்தில் கார் குண்டு. நீதிமன்ற வாசலில். ஊர் லண்டன்டெரி என்று போடுகிறார்கள். தேன்மொழி இருப்பது டெரிதானே? பக்கத்து ஊரா?

அம்மா, 01:01
லண்டன் என்றல்லவா இருக்கிறது? லண்டன் கடல் தாண்டி இருக்கிறது என்று சொன்னாளே.

கவிதா, 01:02
சித்தி, இரண்டும் ஒரே ஊர். பெயர்தான் இரண்டு.

அம்மா, 01:02
தேனு

அம்மா, 01:02
தேனு கண்ணு, போனை எடு

நான், 01:09
அம்மா, பதறாதீர்கள். அக்காவுக்கு இன்று இரவுப் பணி, போன் லாக்கரில் இருக்கும். கார்த்தி மாமாவிடம் இப்போதுதான் பேசினேன். அவரும் குட்டியும் வீட்டில் இருக்கிறார்கள். வெடித்தது இரவு எட்டு மணி வாக்கில். யாருக்கும் காயமில்லை.

அம்மா, 01:10
நீ ஏன் இந்த நேரத்தில் தூங்கவில்லை?

நான், 01:11
நீங்கள் அழைத்த ஏழாவது அழைப்பில் எழுந்தேன்.

தேன்மொழி அக்கா, 01:41
அம்மா, நன்றாக இருக்கிறேன். இடைவேளையில் எழுதுகிறேன். நீதிமன்றம் ஆற்றுக்கு அந்தக் கரை, மருத்துவமனை இந்தக் கரை. சத்தம் கேட்டதாக ஒரு பாட்டி சொன்னார், எனக்குக் கேட்கவில்லை. காலையில் வீடு போய்த் தூங்கிவிட்டுப் பேசுகிறேன். யாரும் அழைக்க வேண்டாம். கவிதா, அம்மா பக்கத்தில் இரு.

செல்வராஜ் மாமா, 04:15
இப்போதுதான் பார்த்தேன். லோடு ஏற்றிக்கொண்டிருந்தேன். பிள்ளை நலம்தானே? அந்த நாட்டைப் பிரிக்கிறார்களாமே, அதற்காக வைத்த குண்டா இது?

பெரியப்பா, 04:31
பிரித்தது இப்போது இல்லை, செல்வராஜ். 1921-இல். அயர்லாந்துத் தீவில் 32 மாவட்டங்கள். வடக்கே ஆறு மட்டும் பிரிட்டனோடு நின்றன. பழைய மாவட்ட எல்லையையே நாட்டு எல்லை ஆக்கினார்கள். அது வயல், வாய்க்கால், சில இடத்தில் வீடு என்றுகூடப் பார்க்காமல் ஓடுகிறது. 1923-இல் சுங்கச் சாவடிகள் வந்தன. இன்னொன்று: நாளை ஜனவரி 21. டப்ளினில் அவர்கள் தங்கள் முதல் பாராளுமன்றத்தைக் கூட்டி நாளையோடு சரியாக 100 ஆண்டு. அதே நாளில்தான் விடுதலைப் போரின் முதல் துப்பாக்கிக் குண்டும் பாய்ந்தது.

செல்வராஜ் மாமா, 04:33
மச்சான், நான் கேட்டது நேற்று வெடித்த குண்டை.

நான், 11:06
மாமா, பீட்சா கொண்டுபோகும் ஒரு பையனின் காரைப் பறித்து அதில் குண்டு வைத்திருக்கிறார்கள். புதிய ஐ.ஆர்.ஏ. என்ற கும்பல் என்று போலீஸ் சந்தேகிக்கிறது. பிரெக்ஸிட்டுக்காக, அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதற்காக, வைத்தது என்று சொல்ல முடியாது. 1998 சமாதான ஒப்பந்தத்தையே ஏற்காதவர்கள், பிரெக்ஸிட் வாக்கெடுப்புக்கு முன்பே குண்டு வைத்தவர்கள். ஆனால் எல்லையில் மறுபடி சாவடி வந்தால் இவர்களுக்கு வேலை கிடைத்துவிடும் என்றுதான் எல்லோரும் பயப்படுகிறார்கள்.

செல்வராஜ் மாமா, 11:10
சாவடி ஏன் வர வேண்டும்? இப்போது இல்லை என்றுதானே சொன்னாய்?

நான், 11:19
இப்போது ஒன்றுமே இல்லை. ஏறக்குறைய 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கு மேல் சாலைகள் அதைக் கடக்கின்றன. ஒரு கயிறுகூடக் குறுக்கே கிடையாது. இரண்டு பக்கமும் ஐரோப்பிய ஒன்றியத்தில் இருப்பதால் ஒரே சந்தை, ஒரே சுங்க வரி. 1993 தொடக்கத்தில் சுங்கம் போயிற்று. சமாதானத்துக்குப் பிறகு ராணுவக் காவல் கோபுரங்களும் போயின. மார்ச் 29 அன்று பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறுகிறது. வடக்கும் அதோடு போகும், தெற்கு உள்ளேயே இருக்கும். அப்புறம் வரி வேறு, தர விதி வேறு. சரக்கை எங்கே நிறுத்திப் பார்ப்பது?

செல்வராஜ் மாமா, 11:22
புரிந்துவிட்டது. வாளையாறு!

செல்வராஜ் மாமா, 11:29
கவிதா, உனக்குத் தெரியாது, கேள். ஜி.எஸ்.டி.க்கு முன்னால் கோவையிலிருந்து பாலக்காடு போக வேண்டுமென்றால் வாளையாற்றில் நிற்க வேண்டும். தமிழ்நாட்டு வரி வேறு, கேரளத்து வரி வேறு. ஒருமுறை இரண்டு பகல் ஓர் இரவு நின்றேன். லாரிக்கு அடியில் அடுப்பு மூட்டிச் சோறு பொங்கினோம். பின்னால் ஒருவன் தக்காளி ஏற்றி வந்தவன், இரண்டாம் நாள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். 2017 ஜூலையில் அந்த வரிச் சாவடியை எடுத்தார்கள். முதல் நாள் நிற்காமல் போனபோது எதையோ மறந்துவிட்டு வந்ததுபோல் இருந்தது. எடுத்த சாவடியை மறுபடி வைக்கிறேன் என்று எவனாவது சொன்னால் நானே குறுக்கே படுத்துக்கொள்வேன்.

பெரியப்பா, 11:33
வாளையாற்றில் யாரும் யாரையும் சுட்டதில்லை, செல்வராஜ். அங்கே முப்பது ஆண்டுக் கலவரத்தில் 3,500 பேருக்கு மேல் செத்திருக்கிறார்கள்.

செல்வராஜ் மாமா, 11:34
அது சரிதான் மச்சான். ஆனால் கடத்தல் இருந்திருக்குமே? நம் ரேஷன் அரிசி கேரளா போகிற மாதிரி?

நான், 11:38
வெண்ணெய், பன்றி, டீசல் எல்லாம் கடந்திருக்கிறது. டீசல் இன்றும் கடக்கிறது என்கிறார்கள்.

கவிதா, 11:45
அண்ணா, பொங்கலன்று ஏதோ ஓட்டெடுப்பு என்று செய்தியில் வந்ததே?

நான், 11:53
அதேதான். எல்லையில் சாவடி வராமல் இருக்க ‘பேக்ஸ்டாப்’ என்று ஓர் ஏற்பாட்டை ஒன்றியமும் பிரிட்டன் பிரதமர் தெரசா மேயும் எழுதி வைத்தார்கள். வேறு வழி கிடைக்கும்வரை பிரிட்டன் முழுவதும் ஒரே சுங்க வட்டத்துக்குள், வடக்கு மட்டும் சந்தை விதிகள் சிலவற்றைக் கூடுதலாகப் பின்பற்றும். மேயின் கட்சியிலேயே பலருக்கு இது ஒன்றியத்தின் கயிற்றில் காலைக் கட்டிக்கொண்டு வெளியேறுவதாகப் பட்டது. அவருடைய அரசைத் தாங்கி நிற்கும் டி.யூ.பி. என்ற வட அயர்லாந்துக் கட்சியின் பத்து உறுப்பினர்களோ, எங்களை மட்டும் தனி விதியில் வைத்தால் பிரிட்டனிடமிருந்து வெட்டுவதாகும் என்றார்கள். பொங்கலன்று பிரிட்டன் பாராளுமன்றத்தில் ஒப்பந்தம் 432-க்கு 202 என்று தோற்றது.

பெரியப்பா, 11:57
அயர்லாந்துப் பிரதமர் வரத்கரின் தந்தை மும்பைக்காரர். நம் ஆள். அவர் பார்த்துக்கொள்வார்.

செல்வராஜ் மாமா, 11:58
நம் ஆளா? பொள்ளாச்சியில் எந்தத் தெரு?

தேன்மொழி அக்கா, 14:20
எழுந்துவிட்டேன். 84 செய்திகள்! அம்மா, சாப்பிட்டீர்களா?

அம்மா, 14:21
நீ சாப்பிட்டாயா கண்ணு? வெளியே போகாதே. அந்த ஊருக்கு ஏன் இரண்டு பெயர்? எனக்கு உயிரே போய்விட்டது.

தேன்மொழி அக்கா, 14:29
அயர்லாந்தோடு சேர வேண்டும் என்பவர் டெரி என்பார், பிரிட்டனோடு இருக்க வேண்டும் என்பவர் லண்டன்டெரி என்பார். வாயைத் திறந்தாலே எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். வந்த முதல் வாரத்திலேயே மூத்த சிஸ்டர் சொல்லிக் கொடுத்தார்: நோயாளி எந்தப் பெயரைச் சொல்கிறாரோ அதைத் திருப்பிச் சொல். அவர் சொல்லவில்லையென்றால் ‘ஊர்’ என்று சொல்லிவிடு.

தேன்மொழி அக்கா, 14:44
அந்தச் சிஸ்டர் டொனகலிலிருந்து தினமும் காரில் வருகிறார். எல்லைக்கு அந்தப் பக்கம் வீடு, இந்தப் பக்கம் வேலை. வார்டில் இன்னும் இரண்டு பேர் அப்படி. 2016-இல் இங்கே திறந்த புற்றுநோய் மையத்துக்கு டொனகல் நோயாளிகளும் கதிர்வீச்சுக்கு வருகிறார்கள். அயர்லாந்து அரசும் பணம் போட்டிருக்கிறது.
நேற்று இரவு அவர் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்கவே இல்லை. பீட்சாக்காரன் காரைப் பறித்தார்கள் என்று யாரோ சொன்னதும், ‘காஷ்குவின்’ என்றார். அது ஊரை ஒட்டிய பழைய ராணுவச் சாவடி. 1990 அக்டோபரில், முகாமில் சமையல் வேலை பார்த்த ஒருவரின் குடும்பத்தைப் பிணை வைத்து, குண்டு ஏற்றிய வண்டியை அவரையே சாவடிக்கு ஓட்டிப் போக வைத்தார்கள். அவரும் ஐந்து சிப்பாய்களும் இறந்தார்கள். சிஸ்டர் தினமும் அந்தச் சாவடி வழியாகத்தான் வேலைக்கு வந்துகொண்டிருந்தாராம். இப்போதும் அந்த இடம் வந்தால் கால் தானாக பிரேக்கைத் தேடும் என்கிறார். அங்கே இப்போது நிறுத்த எதுவும் இல்லை.

பெரியப்பா, 14:49
இதெல்லாம் பாடப் புத்தகத்தில் இல்லை.

அம்மா, 14:53
அப்படியென்றால் மார்ச் மாதம் நடுவில் கதவைப் போட்டுவிடுவார்களா? பிரபு அந்தப் பக்கம், நீ இந்தப் பக்கம். அதற்கு முன்னால் ஒருமுறை இரண்டு பேரும் சேர்ந்து இருந்துவிட்டு வாருங்கள். ஒரே தீவில் இருந்துகொண்டு பொங்கலுக்குக்கூட நீங்கள் பார்த்துக்கொள்ளவில்லை. பஸ் டிக்கெட்டுக்குக் கணக்குப் பார்க்கிறீர்களா?

நான், 14:55
அம்மா, டிக்கெட் இல்லை பிரச்சினை.

தேன்மொழி அக்கா, 14:57
நீயே சொல்லிவிடு.

நான், 15:06
அம்மா, திறந்த எல்லை என்று சொல்வதெல்லாம் பிரிட்டிஷ், ஐரிஷ், ஐரோப்பியக் குடிமக்களுக்கு. நம் பாஸ்போர்ட்டுக்கு அது திறந்ததே இல்லை. அக்காவின் பிரிட்டன் விசா டெரியோடு முடிகிறது. டப்ளின் வர அவருக்குத் தனியாக ஐரிஷ் விசா வேண்டும். நான் டெரி போக எனக்குப் பிரிட்டன் விசா வேண்டும். பொங்கலுக்குப் போகலாம் என்று நவம்பரிலேயே விண்ணப்பித்தேன். இன்னும் வரவில்லை.

அம்மா, 15:07
சாவடிதான் இல்லையே, யார் பார்க்கப்போகிறார்கள்?

தேன்மொழி அக்கா, 15:08
அம்மா!

நான், 15:12
பார்ப்பார்கள். எல்லைப் பக்கம் பஸ்ஸை ஓரங்கட்டி அதிகாரிகள் ஏறுவார்கள். என் நண்பன் ஒருவன் பெல்ஃபாஸ்ட் பஸ்ஸில் போனான், எல்லாக் காகிதமும் சரியாக வைத்திருந்தவன். ஐம்பது பேர் இருந்த பஸ்ஸில் மூன்று பேரிடம்தான் அடையாள அட்டை கேட்டார்களாம். அந்த மூன்று பேரும் எந்த நிறம் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

செல்வராஜ் மாமா, 15:14
சாவடி இருந்தாலாவது எல்லோரையும் நிறுத்துவான்.

தேன்மொழி அக்கா, 15:31
அதைத்தான் மாமா நானும் நினைத்தேன், ஆனால் வார்டில் சொல்ல முடியவில்லை. சிஸ்டர் பயப்படுவது உயிர்ப்பயம். அதற்கு முன்னால் என் விசா புலம்பல் எங்கே நிற்கும்?
ஆனால் ஒன்று சொல்கிறேன், அம்மா திட்டக்கூடாது. போன கோடையில் குட்டியைக் கல்மோர் பக்கம் பூங்காவுக்கு அழைத்துப் போனோம். ஒரு திருப்பத்தைக் கார்த்தி தவறவிட்டார். பேசிக்கொண்டே போகிறோம், வேகப் பலகையில் மைல் போய்க் கிலோமீட்டர் வந்துவிட்டது. சாலை ஓரத்தில் மஞ்சள் கோடு. வரிசையாகப் பெட்ரோல் பங்க், விலையெல்லாம் யூரோவில். மஃப் என்ற ஊர். இன்னொரு நாடு! அறிவிப்பு இல்லை, ஆள் இல்லை, ஒரு நாய்கூடக் குரைக்கவில்லை. கார்த்திக்கு ஸ்டியரிங் வழுக்கும் அளவுக்கு வியர்த்துவிட்டது. குட்டி ஐஸ்கிரீம் வாங்கித் தா என்று அழுகிறான். வாங்கவில்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு ஓடி வந்துவிட்டோம். மொத்தம் ஆறு நிமிடம்.

கவிதா, 15:33
ஆறு நிமிடம் சட்டத்தை மீறி வாழ்ந்திருக்கிறாய் அக்கா.

பெரியப்பா, 15:34
இதைக் குழுவில் எழுதியிருக்க வேண்டாம்.

அம்மா, 15:40
அப்படியானால் போன மாதம் நான் கொடுத்துவிட்ட பொட்டலம் எப்படி உன்னிடம் வந்தது? அது பிரபுவிடம் அல்லவா வந்து இறங்கியது?

நான், 15:44
அக்காவின் வார்டு சிஸ்டருடைய தம்பி வேலையாக டப்ளின் வந்தார். அவர் காரில் ஏற்றிவிட்டேன். பருப்புப் பொடி, எள்ளுப் பொடி, கச்சாயம் எல்லாம் நாலு மணி நேரத்தில் டெரி போய்ச் சேர்ந்துவிட்டன. பொடிக்கு விசா வேண்டாம். எங்களுக்குத்தான்.

தேன்மொழி அக்கா, 15:46
நெய் மட்டும் வரவில்லையே?

நான், 15:51
அதை அம்மாவிடம் சொல்லாமல் இருந்தேன். டப்ளின் விமான நிலையத்தில் எடுத்துவிட்டார்கள். வெளிநாட்டுப் பால் பொருளும் இறைச்சியும் ஒன்றியத்துக்குள் வரக் கூடாது என்பது விதி. இதைத்தான் மாமாவிடம் சொல்ல வந்தேன்: வட அயர்லாந்துப் பாலில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு தெற்கே போய்த்தான் வெண்ணெயும் பாலாடைக் கட்டியும் ஆகிறது. ஏற்பாடு எதுவும் இல்லாமல் வெளியேறினால், மார்ச் 30 காலை கறக்கிற பாலும் நம் நெய் மாதிரி வெளிநாட்டுச் சரக்கு.

செல்வராஜ் மாமா, 15:53
பால் லாரியை நிறுத்திவைத்தால் தக்காளியைவிட மோசம். மாடு சாவடிக்காகக் கறக்காமல் இருக்குமா?

அம்மா, 15:55
நெய்யை என்ன செய்தார்கள்?

நான், 15:55
தொட்டியில் போட்டார்கள்.

அம்மா, 15:56
பாட்டிலோடா?

தேன்மொழி அக்கா, 16:02
அம்மா, விடுங்கள். பிரபு, நானும் இந்த முறை ஐரிஷ் விசாவுக்கு விண்ணப்பிக்கிறேன். பலமுறை போய்வரும் விசா 100 யூரோ. யாருக்கு முதலில் வருகிறதோ அவர் மற்றவரிடம் போவது.

நான், 16:03
சரி. நான் தோற்றால் பஸ் டிக்கெட் என் செலவு.

பெரியப்பா, 16:05
டெரியில் இன்னும் இரண்டு பேரைக் கைது செய்திருப்பதாகச் செய்தி ஓடுகிறது. தேன்மொழி, ஜாக்கிரதை.

தேன்மொழி அக்கா, 16:07
சரி பெரியப்பா. இன்றும் இரவுப் பணிதான். பாலம் வழியாகப் போக மாட்டேன், வீடும் இந்தக் கரைதான்.

அம்மா, 16:15
மார்ச் 29-க்கு இன்னும் 68 நாள் இருக்கிறது என்று கவிதா சொல்கிறாள். அதற்குள் ஒரு பொட்டலம் அனுப்பிவிடுகிறேன். மாமாவின் நண்பர் மகன் பிப்ரவரியில் டப்ளின் வருகிறானாம். கறிவேப்பிலைப் பொடி எவ்வளவு வேண்டும்? கிலோவில் சொல்.

தேன்மொழி அக்கா, 16:16
ஒன்று போதும். நெய் வேண்டாம்.

நான், 16:16
நெய் வேண்டவே வேண்டாம் அம்மா.

அம்மா, 16:24
வெண்ணெய் அடுப்பில் இருக்கிறது.