சிசிஐஇ லேப்: 5 மணி நேரம் பத்தல, வேகம் எப்படி வரும்?

காட்பாடி ஜங்ஷன்:
வணக்கம். சிஸ்கோவோட நெட்வொர்க் சான்றிதழான சிசிஐஇ-க்கு முதல்ல எழுத வேண்டிய என்கோர் தேர்வு பாஸ் பண்ணிட்டேன். இப்போ சிசிஐஇ எண்டர்பிரைஸ் லேபுக்கு, அதான் செய்முறைத் தேர்வுக்கு, தயாராகறேன். ராணிப்பேட்டையில ஒரு தோல் கம்பெனியில சிஸ்டம் அட்மின் வேலை, ராத்திரி சாப்பிட்ட பிறகுதான் ஈவ்-என்ஜி (கம்ப்யூட்டருக்குள்ளயே ரூட்டர் ஓட்டிப் பழகற மென்பொருள்) முன்னாடி உக்கார முடியும். ஞாயித்துக்கிழமை முழு மாக் (மாதிரித் தேர்வு). டிசைன் பகுதி 3 மணி நேரம் தாராளமா இருக்கு. ரூட்டர்ல செஞ்சு காட்டற அடுத்த 5 மணி நேரம்தான் இடிக்குது. டிஎம்விபிஎன் (கிளை ரூட்டர்களை நடு ரூட்டரோட டன்னல்ல இணைக்கறது) பக்கம் வர்றதுக்குள்ள பாதிக்கு மேல போயிடுது. வேகமா அடிச்சா தப்பு வருது, நிதானமா அடிச்சா முடியல. பேசாம டைப்பிங் கிளாஸ் சேந்துடலாமா?

ஆம்பூர்க்காரன்:
இன்னாபா, இந்த வயசுல டைப்பிங் கிளாஸா! நோட்பேட்ல டெம்ப்ளேட் அடிச்சு வச்சு ஒட்டு. எல்லா ரூட்டர்லயும் முதல் வேலையா நோ ஐபி டொமைன் லுக்கப். அடிக்கடி பாக்கற ஷோ கமாண்டுக்கெல்லாம் ரெண்டெழுத்துல அலியாஸ் போட்டுக்கோ. அப்புறம் அப்பப்போ ரைட் அடிச்சுக்கினே இரு. நம்ம ஊர்ல கரண்ட் எப்ப போவும்னு யாருக்குத் தெரியும்? சேவ் பண்ணாதது அத்தனையும் காலி.

பாலாத்தங்கரை:
தம்பி, டைப்பிங் கிளாஸ் காசுக்கு ஒரு யூபிஎஸ் வாங்கிப் போடு.

டொமைன் லுக்கப் விஷயத்துல ஆம்பூர்க்காரர் சொன்னது சரி. கமாண்டைத் தப்பா அடிச்சா, அது ஏதோ சர்வர் பேருன்னு ரூட்டர் தேடப் போயிடும், கண்ட்ரோல்-ஷிஃப்ட்-6 அடிச்சாதான் திரும்பும். அலியாஸ்தான் எனக்குப் பிடிக்கல. கமாண்டை முடிச்சுத் தர டேப் கீ இருக்கறப்போ அதை ரூட்டர் ரூட்டரா ஏத்திக்கிட்டு இருப்பானேன்?

நான் பெங்களூர்ல வேலை பாக்கறேன். லீவுக்கு சத்துவாச்சாரி வந்தா பசங்க லேப் போடறதைப் பக்கத்துல உக்காந்து பாப்பேன். அடிக்கறதுல யாருக்கும் நேரம் போறதில்ல. அடிச்சு முடிச்சு 'ஏன் வரல'ன்னு தேடறதுலதான் போகுது. அதுவும் ரெண்டாம் கேள்வியில விட்ட கோளாறை ஏழாம் கேள்வியில தேடுவாங்க பாரு, அங்கதான் மணிக்கணக்கா போகும்.

ஒண்ணு சொல்றேன். நோட்பேட்லேருந்து கீ செயினை (ரூட்டருங்க ஒண்ணையொண்ணு சரிபாக்கற பாஸ்வேர்டு தொகுப்பு) ஒட்டறப்போ பாஸ்வேர்டு கடைசியில ஒரு ஸ்பேஸ் ஒட்டிக்கிட்டு வந்துடும். ரூட்டர் அதையும் பாஸ்வேர்டாவே எடுத்துக்கும். ஷோ ரன்ல (ரூட்டரோட முழு கான்ஃபிக் காட்டற கமாண்டு) ரெண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் தெரியும், நெய்பர் (பக்கத்து ரூட்டரோட உறவு) மட்டும் வராது. ஷோ கீ செயின்னு அடி. பாஸ்வேர்டை மேற்கோள் குறிக்குள்ள காட்டும், மூடற குறிக்கு முன்னாடி இடைவெளி இருந்தா பளிச்சுனு தெரிஞ்சிடும். இது தெரியாதவன் ஏரியா, டைமர்னு அரை மணி நேரம் குடைவான்.

சரிபாக்கற வரிசை தன்னால வரணும். ஓஎஸ்பிஎஃப் (ரூட்டருங்க வழியைப் பகிர்ந்துக்கற ஒரு முறை) நெய்பரே வரலையா? ஹலோ டைமர், ஏரியா, மாஸ்க், ஆதன்டிகேஷன். எக்ஸ்ஸ்டார்ட்ங்கற நடுக் கட்டத்துலயே நிக்குதா? எம்டியூவை, அதான் பாக்கெட்டோட அதிகபட்ச அளவை, பாரு. நெய்பர் ஃபுல் ஆகியும் ரூட் வரலன்னா ரெண்டு முனையிலயும் நெட்வொர்க் டைப்பைப் பாரு. டிஎம்விபிஎன் மேல ஈஐஜிஆர்பி (இன்னொரு ரூட்டிங் முறை) ஓடுது, ஹப்புக்கு (நடு ரூட்டர்) எல்லா ரூட்டும் வருது, ஸ்போக்குக்கு (கிளை ரூட்டர்) மத்த ஸ்போக்கோட ரூட் போகலன்னா ஹப் டன்னல்ல ஸ்ப்ளிட் ஹொரைசனை (ரூட் வந்த வழியிலயே திருப்பி அனுப்பாத விதி) எடு. சின்ன பிங் போகுது, பெரிய ஃபைல் தொங்குதுன்னா டன்னல் எம்டியூ 1400, எம்எஸ்எஸ் (டிசிபி பாக்கெட்ல டேட்டாவோட அளவு) 1360 போட்டிருக்கியான்னு பாரு.

வாராவாரம் முழு மாக் வேண்டாம். ராத்திரி கிடைக்கற நேரத்துல ஒரே ஒரு பகுதி. சிநேகிதன் யாரையாவது கூப்பிட்டு லேபை உடைச்சு வைக்கச் சொல்லு, நீ ஷோ ரன் தொடாம கண்டுபிடி. மாக் அன்னிக்கு முழுத் தாளையும் படிச்சிட்டு அப்புறம் கீபோர்டுல கை வை. 'ஸ்டாட்டிக் ரூட் கூடாது' மாதிரி நிபந்தனைக்கு அடிக்கோடு போடு. ஒரு கேள்வி வேலை செய்யுதுன்னு பாக்காம அடுத்ததுக்குப் போகாதே. நடுநடுவுல எல்லா லூப்பேக்குக்கும் பிங் அடிக்க ஒரு நாலு வரி டிசிஎல் ஸ்கிரிப்ட் போதும்.

காட்பாடி ஜங்ஷன்:
அக்கா, ஷோ கீ செயின் இப்பதான் அடிச்சுப் பாத்தேன். இத்தனை நாள் கண்ணுல படவே இல்ல. ஷோ ரன் இல்லாம எப்படின்னுதான் மலைப்பா இருக்கு. பெங்களூர்ல தேதி போட்டுடவா? தேதி இருந்தாதான் எனக்குப் படிப்பு ஓடும்.

ஆம்பூர்க்காரன்:
அக்கா, அலியாஸை நான் விட மாட்டேன், சொல்ட்டேன். தம்பி, ராத்திரியில லேபை உடைக்க ஆள் வேணும்னா நான் கீறேன்.

பாலாத்தங்கரை:
ஆள் கிடைச்சாச்சு, அவரை விடாதே. என்கோர் பாஸ் 3 வருஷம் செல்லும், என்ன அவசரம்? அவர் உடைச்சதைச் சரிபண்ணி, மாக்கை முடிச்சு, திரும்பிப் பாக்க அரை மணி மிச்சம் இருந்தா தேதி போடு. போறப்போ முதல் நாளே கிளம்பு, காலையில காட்பாடியில வண்டி ஏறிப் போய் எழுதற பரீட்சை இல்ல. கே.ஆர்.புரத்துல நிக்கற வண்டியாப் பாத்து அங்கயே இறங்கிடு, லேப் ரிங் ரோடு பக்கம்தான். மெஜஸ்டிக் (பெங்களூர் மெயின் ஸ்டேஷன்) போயிட்டுத் திரும்பினா டிராஃபிக்ல மாட்டுவ.