பரணைப் பார்க்காமல் சொன்ன விலை

கயிறும் டேப்பும்:

வாடகை லாரி ஒன்றையும் இரண்டு உதவியாளர்களையும் நம்பி வீடு மாற்றித் தரும் தொழிலில் இறங்கியவன் நான். முதல் மாதத்திலேயே கையைச் சுட்டுக்கொண்டேன். தொலைபேசியில் "எத்தனை அறை?" என்று கேட்டேன். "இரண்டு" என்றார்கள். அந்த இடத்திலேயே விலையைச் சொல்லிவிட்டேன்.

காலையில் போனால் கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் கணக்குப்படிதான் இருந்தன. பதினொரு மணி வாக்கில் அந்த வீட்டு அம்மா பரண் கதவைத் திறந்தார். உள்ளே பழைய வார இதழ்கள், கட்டுக் கட்டாக, கூரை முட்ட. "எல்லாம் என் கணவர் சேர்த்தது, தம்பி. ஒன்றைக்கூட விடக்கூடாது" என்றார்.

எங்களிடம் மீந்திருந்தவை துணிக்கென்று வைத்திருந்த பெரிய பெட்டிகள்தாம். காகிதத்தின் கனம் அப்போது எனக்குப் புரியவில்லை. ஒன்றரை கன அடிச் சிறு பெட்டியில் புத்தகத்தை நிரப்பினாலே 25 கிலோ வந்துவிடும். நாங்கள் நிரப்பியது அதைப்போல் மூன்று மடங்கு. படிக்கட்டுத் திருப்பத்தில் மூச்சு வாங்குவதற்காகப் பையன் ஒருவன் பெட்டியைத் தொடையில் தாங்கி நின்றான். அடிப்பக்க டேப் பிரியும் 'சர்ர்' என்ற ஓசை எனக்கு மேலே கேட்டது. நான் நிமிர்வதற்குள் படிகள் முழுக்க இதழ்கள். லாரி இரண்டு நடை போயிற்று. கூலி கொடுத்து முடித்தபோது சட்டைப்பையில் மிஞ்சியது பேனா மட்டும்.

அதன்பிறகு நேரில் பார்க்காமல் விலை சொன்னதில்லை. ஒவ்வொரு அறையாகக் கன அடியைக் குறித்து, கூட்டி, அப்புறம்தான் வாயைத் திறப்பேன். புத்தகத்துக்குச் சிறு பெட்டி, தலையணைக்குப் பெரிய பெட்டி. இதை மாற்றுகிற உதவியாளரிடம் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

இன்னொரு தப்பும் செய்தேன். இரண்டாம் வருடம் சொந்தமாக லாரி வாங்கினேன். மாதக் கடைசியில் ஒரே நாளில் நான்கு பேர் வீடு மாற்ற வேண்டும் என்பார்கள். ஒரு லாரி போதாது. பத்தாம் தேதி வாக்கில் ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். லாரி வாசலில் வெயில் காயும். கடன் தவணை மட்டும் தேதி தவறாது. எட்டு மாதத்தில் விற்றுவிட்டேன்.

பட்டியல் பிரியர்:

உங்களுக்குப் பரண் என்றால் எனக்கு ஒரு சாப்பாட்டு மேசை, ஐயா. இறக்கி வைத்ததும் "இந்தக் கீறல் நேற்று இல்லை" என்றார் வாடிக்கையாளர். என் பட்டியலில் 'மேசை, 1, நல்ல நிலை' என்று என் கையெழுத்திலேயே இருந்தது. அப்புறம் என்ன வாதாடுவது? பாலிஷ் செலவு என் தலையில் விழுந்தது.

'நல்ல நிலை' என்ற சொல்லையே இப்போது எழுதுவதில்லை. 'முன்வலது காலில் இரண்டு விரற்கடை கீறல், மேல்பலகை ஓரத்தில் நீர்க்கறை' என்று எழுதி, படம் எடுத்து, பொருள் வாசலைத் தாண்டும் முன் கையெழுத்து வாங்கிவிடுவேன். அவர்களே கட்டி ஒட்டிவைத்த பெட்டிக்கு 'உரிமையாளர் கட்டியது, உள்ளே இருப்பது தெரியாது'. சிலர் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

காப்பீட்டையும் சொல்லிவிடுகிறேன். லாரிக்கு இருக்கும் காப்பீடு உள்ளே இருக்கும் சாமானுக்கும் சேர்த்து என்று பலர் நினைக்கிறார்கள். வண்டிக்கு எடுத்தது வண்டிக்குத்தான். சரக்குக்குத் தனியாக எடுக்க வேண்டும். பிரீமியத்தை மிச்சம் பிடிக்க மதிப்பைப் பாதியாகக் காட்டினால், ஒரே ஒரு கண்ணாடி அலமாரி உடைந்தால்கூட அதன் விலையில் பாதிதான் கைக்கு வரும். என் வாடிக்கையாளர் ஒருவர் இதை உடைந்த பிறகுதான் நம்பினார்.

மூன்றாவது மாடி:

நானும் என் தங்கையும் சேர்ந்து நடத்துகிறோம். எங்களைப் படுத்தியது முன்பக்கக் கதவுள்ள வாஷிங் மெஷின். ஆடும் டிரம்மைப் பிடித்து வைக்கப் பின்புறம் போல்ட் போட்டு அனுப்புவார்கள். வாங்கிய அன்று கழற்றியதை யாரும் பத்திரப்படுத்துவதில்லை. நாங்களும் கேட்கவில்லை, போல்ட் இல்லாமலே ஏற்றிவிட்டோம். புது வீட்டில் முதல் தடவை ஓட விட்டபோது மெஷின் அறையின் நடுவுக்கே நடந்து வந்துவிட்டது. இப்போது பொருள்களைப் பார்க்கப் போகும் அன்றே போல்ட்டைக் கேட்டுவிடுகிறோம்.

வெளிநாட்டு வேலை எடுப்பவர்களுக்கு ஒன்று. தச்சரிடம் சொல்லிப் பச்சை மரத்தில் அழகான கூண்டு அடித்து அனுப்பினோம், துறைமுகத்தில் நிறுத்திவிட்டார்கள். சூடேற்றும் முறை என்றால் மரத்தின் உள்மையம் 56 டிகிரி செல்சியஸில் தொடர்ந்து 30 நிமிடம் இருந்திருக்க வேண்டும். கதிர் படம் போட்ட முத்திரையும் வேண்டும். மரத்தோடு பூச்சி நாடு தாண்டாமல் தடுக்கும் சர்வதேச விதி அது, பெயர் ஐஎஸ்பிஎம் 15. ஒட்டுப்பலகைக்கு அது கிடையாது என்பது பிறகு தெரிந்தது. இப்போது எல்லாக் கூண்டும் ஒட்டுப்பலகைதான். அப்புறம், 20 அடி கொள்கலனின் உள்ளளவு 33 கன மீட்டர் என்றதும் 33 கன மீட்டர் சாமானை ஒப்புக்கொள்ளாதீர்கள். நாற்காலிக் கால்களுக்கு நடுவே இருக்கும் காற்றும் கப்பலேறும். நாங்கள் 28ஐத் தாண்டியதில்லை.

புதுவரவு:

அடுத்த மாதம் தொடங்கப்போகிறேன். ஒரு சந்தேகம், அண்ணா. நேரில் போனாலும் பரணில் ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? திறந்து காட்டுங்கள் என்று கேட்கக் கூச்சமாக இருக்காதா?

கயிறும் டேப்பும்:

அவர்கள் பொய் சொல்வதில்லை, தம்பி. பல வருடம் திறக்காததால் மறந்துபோயிருப்பார்கள். நான் பரணைப் பற்றிக் கேட்பதே இல்லை. "ஏணி எங்கே வைத்திருக்கிறீர்கள்? அதையும் பட்டியலில் சேர்க்க வேண்டும்" என்பேன். ஏணியைத் தேடிக்கொண்டு போகிறவர் பாதி வழியில் நின்று அண்ணாந்து பார்ப்பார்.