அம்மம்மாவின் கொட்டைப்பெட்டியில் இருந்த வெள்ளிக் கொக்கி: இது என்ன சாமான்?

பனையோலை (கேள்வி)

வணக்கம். அம்மம்மாவின் கொட்டைப்பெட்டிக்குள் (ஓலையில் இழைத்த சின்னப் பெட்டி) இருந்து எனக்கு வந்தது இது. வெள்ளைக் கம்பி ஒன்றை நடுவில் மடித்து, இரண்டு காலையும் ஒட்டவைத்து, ஒரு முனையைத் தூண்டில் மாதிரி வளைத்திருக்கு. வளைவோடு நூல் பிடித்து அளந்தால் நீளம் 5 சென்டிமீற்றர். ஒரு காலின் தடிப்பு 2.4 மில்லிமீற்றர். நிறை 4.71 கிராம், 0.01 காட்டும் தராசில். காந்தம் இழுக்கேல்லை. நேராக இருக்கிற பகுதியைத் தட்டையாக்கி இரண்டு பக்கமும் அரபு எழுத்து மாதிரி ஏதோ குத்தியிருக்கு. அரபு வாசிக்கத் தெரிந்தவரிடம் காட்டினேன், ஒரு சொல்லும் பிடிபடேல்லை. நிறம் நல்லாக் கறுத்திட்டுது.

கொண்டை ஊசியோ, தாயத்துக் கம்பியோ? கனடாவில் இருக்கிற பெரியம்மா இதை நிமிர்த்தி, மினுக்கி, பென்டன் ஆக்கி அனுப்பச் சொல்லுறா. செட்டியார் தெரு நகைக்கடையில குடுக்கலாமோ?

ஈழத்துமணி

கொண்டை ஊசிதான். அந்தக் காலத்துப் பெண்கள் இப்படி இரண்டு கால் ஊசி குத்துவார்கள். எழுத்து வெறும் அலங்காரம்.

செப்புச்சல்லி

கொண்டை ஊசி என்றால் இரண்டு காலுக்கும் நடுவில் மயிர் போக இடைவெளி வேண்டும், முனையும் கூராக இருக்க வேண்டும். இதில் இரண்டும் இல்லை. தயவுசெய்து நிமிர்த்தக் கொடுக்காதீர்கள், இது காசு.

லாரின் என்பார்கள். பாரசீகத்தின் (இன்றைய ஈரான்) தென்பகுதியில் உள்ள லார் என்ற நகரத்தில் அடித்ததால் வந்த பெயர். 16ஆம், 17ஆம் நூற்றாண்டுகளில் பாரசீக வளைகுடாவிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரை, மாலைதீவு, இலங்கை வரை வியாபாரிகள் கையில் புழங்கியது. மாலைதீவில் இன்றும் 100 லாரி ஒரு ருஃபியா. அந்த லாரி என்ற பெயர் இதிலிருந்து வந்ததுதான். மற்ற இடங்களில் மடித்த கம்பி நேராகவே இருக்கும். தூண்டிலாக வளைப்பது இலங்கை வழக்கம், அதனால் சிங்களத்தில் 'கொக்கு ரிதி', கொக்கி வெள்ளி. பொதுவாக 4.7 முதல் 4.9 கிராம் வரை நிற்கும். உங்களுடையது அதற்குள் இருக்கிறது.

எழுத்து வாசிக்க முடியாததைப் பார்த்துப் போலி என்று நினைக்கக் கூடாது. கண்டி அரசில் 1660 தொடக்கம் 1679 வரை சிறையிருந்த ஆங்கில மாலுமி றொபேட் நொக்ஸ், தூண்டில் வடிவக் காசை அரசன் அனுமதியோடு எல்லோருமே செய்வார்கள், விரும்பிய அடையாளத்தைக் குத்துவார்கள் என்று 1681இல் எழுதியிருக்கிறார். பாரசீகத்திலும், இந்தியாவின் பீஜப்பூர் சுல்தான்களின் அரசிலும் அடித்த காசுகளில் வாசிக்கத்தக்க பெயர் இருக்கும். இங்கே குத்தியவர்களில் பலர் அந்த எழுத்தின் தோற்றத்தைத்தான் பார்த்து வெட்டினார்கள், பொருள் அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆளை நம்பி அல்ல, வெள்ளியை நம்பித்தான் காசு ஓடியது.

உரைகல்

செப்புச்சல்லி சொன்னதோட உலோகத்தையும் பாக்க வேணும். தம்பி தந்த அளவிலயே ஒரு கணக்குப் போடலாம். 2.4 மில்லிமீற்றர் கம்பி, மடிச்ச ரெண்டு காலும் சேர்த்து 10 சென்டிமீற்றர்; கன அளவு 0.452 மில்லிலீற்றர். 4.71ஐ அதால வகுத்தா அடர்த்தி (ஒரு மில்லிலீற்றருக்கு எத்தினை கிராம்) 10.4. சுத்த வெள்ளியின்ர அடர்த்தி 10.49. ஆனா இதில தங்கியிருக்க ஏலாது: தடிப்பில 0.1 மில்லிமீற்றர் பிழைச்சாலே விடை 9.6க்கும் 11.3க்கும் நடுவில ஆடும்.

தண்ணியில நிறுங்கோ. சின்னக் கிளாசில தண்ணி விட்டுத் தராசில வைச்சு, பூச்சியமாக்குங்கோ. கொக்கியை மெல்லிய நைலோன் நூலில கட்டி முழுசாத் தாழ விடுங்கோ. அடியிலயோ பக்கத்திலயோ முட்டக் கூடாது, நூலைக் கையில பிடிக்காமல் ஏதாவது தாங்கியில கட்டினாத்தான் எண் நிற்கும். காட்டுற கிராம்தான் அதின்ர மில்லிலீற்றர். வெள்ளி எண்டா 0.45 – 0.46 வரும். பித்தளை, ஜேர்மன் சில்வர் (வெள்ளியே இல்லாத வெள்ளை உலோகம்) எண்டா 0.54க்கு மேல. 0.1 காட்டுற சமையலறைத் தராசு இதுக்குச் சரிவராது.

கடையில உரைகல்லில தேய்க்கவோ அரம் போடவோ விடாதேங்கோ.

பனையோலை

செய்து பார்த்தேன். 0.52 காட்டுது. வகுத்தால் 9.06. அப்ப கலப்படமோ?

உரைகல்

காத்துக் குமிழ். ரெண்டு காலும் ஒட்டின இடுக்குக்குள்ளயும் மடிப்புக்குள்ளயும் காத்து நிண்டா கன அளவு கூடக் காட்டும், வெள்ளி பித்தளை மாதிரித் தெரியும். மடிச்ச சாமானில இது வழமை. தண்ணியைக் கொதிக்க வைச்சு ஆற விடுங்கோ, ஒரு துளி பாத்திரம் கழுவுற திரவம் கலவுங்கோ, கொக்கியை உள்ளுக்கயே மெதுவாச் சுழட்டி எடுத்திட்டுத் திரும்ப நிறுங்கோ.

பனையோலை

இப்ப மூன்று தரமும் 0.46.

உரைகல்

10.24. தராசின்ர கடைசி இலக்கம் ஒண்டு ஆடினாலும் 10.0க்குக் கீழ போகாது. நல்ல வெள்ளி. எத்தினை வீதம் எண்டு இதால சொல்ல ஏலாது. அதுக்குத் தேய்க்காமல் எக்ஸ்கதிரால பாக்கிற மெசின் இருக்கிற இடம் வேணும்.

செப்புச்சல்லி

நல்லது. வெள்ளியிலேயே அச்சில் வார்த்த நகல்களும் உண்டு, ஆகவே 10 மடங்கு லென்ஸால் பாருங்கள். வார்த்ததில் பக்கவாட்டில் மெல்லிய தையல் கோடு ஓடும், ஊசிக்குத்துப் போல் குழிகள் இருக்கும், எழுத்தின் விளிம்பு மெழுகு உருகியதுபோல் மழுங்கியிருக்கும். குத்தியதில் விளிம்பு கூராக நின்று, உலோகம் பக்கத்தில் பிதுங்கியிருக்கும். குறுக்கே உளி வெட்டு ஏதும் தெரிந்தால் பயப்படாதீர்கள்: உள்ளே செம்பா என்று பார்க்க அந்தக் காலத்திலேயே வெட்டுவார்கள்.

இன்னொரு எச்சரிக்கை. சந்தேகம் வந்தால் காசைச் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போடுவார்கள், வெள்ளையாக வராவிட்டால் செல்லாது என்றும் நொக்ஸ் எழுதுகிறார். செம்பு கலந்திருந்தால் சூட்டில் கறுக்கும், அதுதான் கணக்கு. வீட்டில் செய்ய வேண்டாம். நிமிர்த்துவதும் அப்படித்தான். பழைய வெள்ளி நாள்பட நொறுங்கும் தன்மைக்கு வரும், வளைவில் பிடித்து இழுத்தால் முறியும்.

கறுப்பு வெறும் கந்தகப் படிவு. புளி, திருநீறு, வெள்ளி மினுக்கும் பசை எதுவும் வேண்டாம். எழுத்தின் விளிம்பைத்தான் அவை முதலில் தின்னும். காய்ச்சி வடித்த நீரில் அலசி, பஞ்சுத் துணியில் ஒற்றி, நன்றாகக் காயவிட்டால் போதும். மென்மையான பீ.வீ.சி. பிளாஸ்டிக் உறையும் றப்பர் பட்டியும் கூடாது: முன்னது பச்சைப் பசையை விடும், பின்னது இன்னும் கறுக்கச் செய்யும். பொலியெஸ்டர் உறையில் போட்டு, சிலிக்கா ஜெல் ஒரு பொட்டலத்தோடு இறுக்கமான டப்பாவில் வையுங்கள். வெள்ளவத்தைப் பக்கம் கடற்காற்றுப் படுகிற வீடென்றால் ஜெல்லை அடிக்கடி மாற்ற வேண்டும்.

பனையோலை

மிக்க நன்றி. பெரியம்மாவுக்கு அப்படியே தபாலில் அனுப்பினால்?

செப்புச்சல்லி

அனுப்பக் கூடாது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி, 1815 மார்ச் 2க்கு முந்தியது என்று நம்பத்தக்க பொருள் தொல்பொருள். அனுமதிப்பத்திரம் இல்லாமல் நாட்டை விட்டு வெளியே போக முடியாது. பரம்பரைச் சொத்து என்பதால் விலக்கு இல்லை. விசாரிக்கும் இடம் கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் உள்ள தொல்பொருள் திணைக்களம்.

பெரியம்மாவுக்குப் பென்டன்தான் வேண்டுமென்றால், இரண்டு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்து, அதே அளவில் புது வெள்ளிக் கம்பியில் ஒன்று செய்விக்கலாம். உட்புறம் செய்த ஆண்டைப் பொறிக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் அதுவும் ஒரு நாள் இங்கே கேள்வியாக வரும்.