மருத்துவ இதழுக்கான கட்டுரை: ரெஃபரன்ஸ் பட்டியலை வான்கூவர் முறைக்கு மாற்றுவது எப்படி?

ஈசூன் வாணி:

வணக்கம். பலதுறை மருந்தகம் ஒன்றில் தாதியாக வேலை செய்கிறேன். நீரிழிவு நோயாளிகளின் கால்புண் பற்றி நானும் எங்கள் டாக்டரும் எழுதிய கட்டுரையை ஓர் இதழ் திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்து அனுப்பப்போகும் இதழ் வான்கூவர் முறை, அதாவது கட்டுரையில் வரும் வரிசைப்படி ரெஃபரன்ஸுக்கு எண் போடும் முறை, கேட்கிறது. எங்களிடம் இருப்பதோ ஆசிரியர் பெயரும் ஆண்டும் அடைப்புக்குறிக்குள் வரும் ஏபிஏ முறை. நாற்பதுக்கும் மேற்பட்ட ரெஃபரன்ஸ், எல்லாம் கையால் தட்டியவை. முன்னுரையில் இன்னும் இரண்டு கட்டுரைகளைச் சேர்க்கச் சொல்கிறார் டாக்டர். எண் போட்ட பிறகு நடுவில் ஒன்றைச் செருகினால் எல்லாம் மாறுமே?

வேறு சந்தேகங்களும் உண்டு. ஓர் ஆசிரியர் பெயரில் "எஸ்/ஓ" (இன்னாரின் மகன்) என்று வருகிறது, அதையும் போட வேண்டுமா? சுகாதார அமைச்சின் இணையப் பக்கத்துக்கு ஆசிரியர் யார்? அட்டவணையில் மட்டும் வரும் ரெஃபரன்ஸுக்கு எந்த எண்?

புக்கிட் பாத்தோக் சேகர்:

பட்டியலை அப்படியே ஏஐயிடம் கொடுத்து "வான்கூவருக்கு மாற்று" என்று சொல்லுங்கள். ஒரு நிமிட வேலை.

நூலகத்து அக்கா:

சேகர் தம்பி, இந்த வேலைக்கு அது வேண்டாம். மருத்துவ நூலகத்தில் பல காலம் இருந்தவள் என்ற முறையில் சொல்கிறேன். ஆசிரியர் பெயர், தொகுதி எண், பக்க எண் எல்லாம் கச்சிதமாக இருக்கும். தேடிப் போனால் அப்படி ஒரு கட்டுரையே இருக்காது. ஏஐ அப்படியும் எழுதித் தரும். இருக்கிற பட்டியலை மாற்றும்போதுகூட ஓர் எண்ணைச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம். நாற்பது வரிக்கு நடுவில் அது யார் கண்ணில் படும்?

வாணி, கையால் தட்டிய பட்டியலை ஒரு பக்கம் வைத்துவிடுங்கள். ரெஃபரன்ஸ்களைச் சேமித்து வடிவமைக்கும் மென்பொருள் ஸொட்டேரோ இலவசம், அதை இறக்கிக்கொள்ளுங்கள். மேலே மந்திரக்கோல் மாதிரி ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி, கட்டுரையின் டிஓஐ எண்ணையோ (ஒவ்வொரு கட்டுரைக்கும் உள்ள தனி அடையாள எண்), மருத்துவக் கட்டுரைகளின் தரவுத்தளமான பப்மெட்டின் எண்ணையோ கொடுத்தால் விவரங்கள் தானாக வந்து உட்காரும். அப்புறம் வேர்டில் நீங்கள் தட்டிய அடைப்புக்குறிகளை ஒவ்வொன்றாக அழித்துவிட்டு, அதே இடத்தில் ஸொட்டேரோ வழியாகச் செருகுங்கள். டாக்டர் எத்தனை சேர்த்தாலும் எண்கள் தாமாகவே நகரும்.

வந்து விழுந்த விவரத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. நம் ஊரில் பெயர்தான் பெரிய சிக்கல். சீனப் பெயரில் குடும்பப் பெயர் முதலில் வரும். நமக்கோ குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான். முத்துவின் மகன் ரவி ஓர் இடத்தில் "முத்து ஆர்" ஆவார், இன்னோர் இடத்தில் "ரவி எம்" ஆவார். நீங்களாக ஒன்றை முடிவு செய்யாதீர்கள். பப்மெட்டில் அந்தக் கட்டுரைக்கு எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். "எஸ்/ஓ" வேண்டாம். பெயர் இடம் மாறினால் அவருடைய உழைப்பு யாரோ ஒருவர் கணக்கில் போய்ச் சேரும். இதை மட்டும் தயவுசெய்து ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

அமைச்சின் பக்கத்துக்கு அமைச்சே ஆசிரியர். ஆசிரியர் கட்டத்தை ஒற்றைக் கட்டமாக மாற்றிவிட்டு முழுப் பெயரைத் தட்டுங்கள். இல்லாவிட்டால் அதை ஒரு மனிதர் பெயர் என்று நினைத்து மென்பொருள் இனிஷியலாகச் சுருக்கிவிடும். நீங்கள் பார்த்த தேதியும் வேண்டும்.

அட்டவணையில் மட்டும் வருவதற்கு, கட்டுரையில் அந்த அட்டவணை முதன்முதலில் எங்கே குறிப்பிடப்படுகிறதோ அந்த இடத்து வரிசைப்படி எண். அட்டவணை கோப்பின் கடைசியில் இருப்பதால் மென்பொருள் கடைசி எண்ணைத்தான் கொடுக்கும். பலர் தவறவிடும் இடம் இது.

வான்கூவர் என்ற பெயர் ஒன்றுதான், வடிவம் பல. 1978இல் சில மருத்துவ இதழாசிரியர்கள் வான்கூவரில் கூடிப் பேசியதில் தொடங்கியது. அந்தக் குழுதான் இன்றைய ஐசிஎம்ஜேஇ, அதாவது மருத்துவ இதழாசிரியர்களின் பன்னாட்டுக் குழு. ஆனாலும் இதழுக்கு இதழ் மாறும். ஓர் இதழ் ஆறு ஆசிரியர் பெயரைப் போட்டுவிட்டு "மற்றும் பிறர்" கேட்கும். அமெரிக்க மருத்துவச் சங்க முறையில் ஆறு பேருக்கு மேல் போனால் முதல் மூவர் மட்டும். ஓரிடத்தில் பக்கம் 284-7, இன்னோரிடத்தில் 284-287. எண் மேலே சிறியதாக வருமா, அடைப்புக்குறிக்குள் வருமா என்பதும் அப்படித்தான். அந்த இதழின் ஆசிரியர்களுக்கான வழிகாட்டியை அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த இதழில் அண்மையில் வந்த ஒரு கட்டுரையின் பட்டியலையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இவ்வளவும் வடிவம். எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது, பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு கட்டுரையையும் நீங்கள் இருவரில் ஒருவராவது திறந்து படித்திருக்க வேண்டும் என்பது. 1980இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஐந்தே வாக்கியத்தில் ஒரு கடிதம் வந்தது. மருத்துவமனையில் ஓபியாய்ட் வகை வலிமருந்து பெற்ற 11,882 பேரில் நான்கு பேருக்குத்தான் அடிமைத்தனம் பதிவாகியிருந்தது என்றது அது. 2017இல் அதே இதழில் சிலர் கணக்கெடுத்தார்கள். அந்தக் கடிதத்தை 608 கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. பத்தில் ஏழுக்கும் மேல், அந்த மருந்துகளுக்கு அடிமையாவது அரிது என்பதற்கு அதை ஆதாரமாகக் காட்டின. பத்தில் எட்டு, அவர்கள் மருத்துவமனையில் இருந்த நோயாளிகள் என்பதைச் சொல்லவே இல்லை. அந்த 608இலும் நிறுத்தற்குறி எல்லாம் சரியாகவே இருந்திருக்கும்!

திரும்பப் பெறப்பட்ட கட்டுரை ஏதாவது பட்டியலில் இருந்தால் ஸொட்டேரோ சிவப்பில் எச்சரிக்கும். அதையும் கவனியுங்கள்.

புக்கிட் பாத்தோக் சேகர்:

அந்தக் கடிதம் பற்றித் தெரியாது அக்கா, நன்றி. எங்கள் ஆய்வகத்தில் ஸொட்டேரோ மாதிரியே இன்னொரு மென்பொருள், எண்ட்நோட். அதில் அமைப்பின் பெயரை முழுதாக எழுதிக் கடைசியில் ஒரு காற்புள்ளி போட்டால் சுருக்காது. வாணிக்கு உதவும் என்றால் சரி.

ஈசூன் வாணி:

ரொம்ப நன்றி அக்கா. ஓய்வு நாளில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றிவிடுகிறேன். சில தலைப்புகள் ஒவ்வொரு சொல்லும் பெரிய எழுத்தில் தொடங்கி வருகின்றன. அப்புறம், டாக்டர் சொன்ன இரண்டில் ஒன்றுக்குச் சுருக்கம் மட்டுமே கிடைக்கிறது, முழுக் கட்டுரை பணம் கேட்கிறது. போடலாமா?

நூலகத்து அக்கா:

தலைப்பின் மேல் வலது கிளிக் செய்தால் வாக்கிய வடிவத்துக்கு மாற்றும் வழி இருக்கிறது. மாற்றிய பிறகு சிங்கப்பூர், ஹெச்ஐவி மாதிரிச் சொற்களில் பெரிய எழுத்து போய்விட்டதா என்று பாருங்கள்.

சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டுப் போடாதீர்கள் தங்கச்சி. சேர்க்கச் சொன்ன டாக்டரிடமே பிடிஎஃப் இருக்கும், கேளுங்கள். இல்லையென்றால் அந்த ஆசிரியருக்கே ஒரு மின்னஞ்சல் போடுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அந்த வரியை வேறோர் ஆதாரத்தோடு எழுதுங்கள்.

இதழுக்கு அனுப்பும் முன் கோப்பை நகலெடுத்து, நகலில் மட்டும் ஸொட்டேரோ இணைப்பைத் துண்டியுங்கள். மூலக் கோப்பில் கை வைக்க வேண்டாம். மதிப்பாய்வாளர்கள் திருத்தம் கேட்டு வரும்போது அதுதான் தேவைப்படும்.