புதுப்பிப்பு: அப்பாவின் கால் ஆணி

அப்பாவின் வலது உள்ளங்காலில் கால் ஆணி, பிளேடால் தானே செதுக்கிக்கொள்கிறார் என்று போன மாதம் புலம்பியிருந்தேன். கால் ஆணிக்கென்று விற்கும் மருந்துப் பட்டையான கார்ன் பிளாஸ்டரை ஒட்டச் சொன்னவர்களுக்கு நன்றி. ஆனால் நாங்கள் அதை ஒட்டவில்லை. அதிலிருக்கும் சாலிசிலிக் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். அப்பாவுக்கோ சர்க்கரை, பாதத்தில் உணர்ச்சியும் குறைவு.

பாளையங்கோட்டையில் டாக்டரிடம் காட்டினோம். காய்த்த தோலைச் சீவியதும் நடுவில் கம்பு மணி அளவில், கண்ணாடி மாதிரி ஒரு கரு தெரிந்தது. நடக்கும்போதெல்லாம் குத்தியது அதுதான். வேர் எதுவும் கிடையாதாம். அழுத்தம் இருக்கும்வரை திரும்பத் திரும்ப வருமாம். வீட்டுக்கு வந்து செருப்பைப் புரட்டிப் பார்த்தால், சரியாக அந்த இடத்தில் தேய்ந்து குழிந்திருந்தது!

அப்புறம் மெத்தென்ற செருப்பு வாங்கினோம். நேற்று குறுக்குத்துறை படித்துறை வரை நொண்டாமல் நடந்தார். பிளேடை நான் எடுத்து ஒளித்துவைத்துவிட்டேன்.